மாமியார் மேல் படையெடுத்த மகாராஜா

இலங்கையில், தம்புள்ளையில் ஏறிய பஸ்ஸைப் பற்றி முதலில் கொட்டிவிடுகிறேன். அப்போதுதான் பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகு ராஜாவைப் பற்றி நிதானமாக எழுத முடியும். ‘சீட் இருக்கு, ஏறுங்க’ என்று அவசரப்படுத்திய கண்டக்டர் காட்டிய சீட், டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி. வழி முழுக்க இட்லிப் பானை மாதிரி வெந்துகொண்டு வந்தேன். பொலன்னறுவைப் பழைய நகரத்தில் இறங்கணும் என்று கத்தியது பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி, கதுருவெலவில்தான் வண்டி நின்றது. அங்கிருந்து திரும்பி வர ஆட்டோக்காரர் 1500 ரூபாய் கேட்டார். பேசிப் பேசி 1000க்குக் கொண்டுவந்தேன், பெருமையாக.

நுழைவுச் சீட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு டாலரில். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று. உள்ளே இடங்கள் கிலோமீட்டர் கணக்கில் பரந்து கிடப்பதால் வாடகை சைக்கிள் எடுத்தேன். அது நல்ல முடிவு.

பராக்கிரமபாகுவின் அரண்மனையில் இப்போது நிற்பது செங்கல் சுவர்கள்தான். ஆனால் என்ன சுவர்! மூன்று மீட்டர் தடிமன். உத்தரங்கள் செருகிய குழிகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு தெரிகின்றன. ஏழு மாடி, ஆயிரம் அறை என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பக்கத்தில் ஒரு வழிகாட்டி அதையே வெள்ளைக்காரர்களிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். எனக்கு மாடிக் கணக்கில் ஆர்வமில்லை. அந்த வீட்டுக்காரரின் குடும்பக் கதைதான் வேண்டும்.

கேளுங்கள். அம்மா ரத்னாவலி, சோழர்களை 1070இல் இந்த ஊரிலிருந்து விரட்டிய முதலாம் விஜயபாகுவின் மகள். அப்பா மானாபரணன், அதே விஜயபாகுவின் சகோதரி மித்தாவின் மகன். மித்தாவின் கணவர் ஒரு பாண்டிய இளவரசர். அதாவது அப்பா கட்டியது தாய்மாமன் மகளை. இதுவரை நம்ம ஊர்க் கல்யாணம் மாதிரியே இருக்கிறது. அப்புறம்தான் கணக்கு உதைக்கிறது. பராக்கிரமபாகுவின் ராணி லீலாவதி, அவருடைய சித்தப்பா ஸ்ரீவல்லபனின் மகள்! நம் வீட்டில் தங்கை முறை என்று கதவைச் சாத்தியிருப்பார்கள்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட, இன்னொரு சித்தப்பா கித்திசிரிமேகன் வளர்த்தார். வளர்ந்ததும் நாடு முழுக்கத் தனக்கே வேண்டும் என்று கிளம்பினார் பையன். எதிரிகள் யார்? பொலன்னறுவையில் மாமன் மகன் கஜபாகு. தெற்கே ருகுணையில் லீலாவதியின் அண்ணன் மானாபரணன். (அப்பா பெயரேதான், குழம்ப வேண்டாம்.) பராக்கிரமபாகுவின் அக்கா மித்தாவைக் கட்டியவரும் அதே மானாபரணன். அந்தப் பெயரும் பாட்டியுடையது. புதுப் பெயர் வைக்கவே கஞ்சத்தனம் போல. ஆக, பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டோடுதான் சண்டை.

கஜபாகு, மானாபரணன் இருவரும் இறந்துபோக, 1153இல் நாடு கைக்கு வந்தது. ஆனால் ருகுணை அடங்கவில்லை. அங்கே கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் சுகலா, லீலாவதியின் தாய். புத்தரின் பல்லும் பிச்சைப் பாத்திரமும் அவர் வசம் இருந்தன. அவை இல்லாத ராஜா ராஜாவே இல்லை என்ற காலம். மருமகன் படை அனுப்பி இரண்டையும் பறித்து, மாமியாரையும் சிறைபிடித்தார். அன்று லீலாவதியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே மந்திராலோசனை மண்டபத்துக்கு வந்தேன். அடித்தளத்தில் யானைகள் வரிசை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒன்றின் தும்பிக்கை சுருண்டிருக்கிறது, இன்னொன்று காலைத் தூக்கி நடக்கிறது.

கல் விகாரையில் படுத்திருக்கும் புத்தர் பதினாலு மீட்டர். தலையணை அமுங்கியிருப்பதைக்கூடக் கல்லில் காட்டியிருக்கிறான் அந்தச் சிற்பி. செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். மத்தியானத்தில் போனால் பாதம் பொரிந்துவிடும். காலுறை எடுத்துப் போங்கள்.

பசி தாங்காமல் கதுருவெலவுக்கே சைக்கிளை மிதித்தேன். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சோறு, பருப்பு, குளத்து மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். மீனில் மிளகும் கொறுக்காய்ப் புளியும் தூக்கலாக, விரலைச் சப்ப வைத்தது. இந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு, அதுவும் ஆட்டோக் காசில் பாதிக்கு. “டவுனுக்கு ஆயிரமா குடுத்தீங்க தம்பி? நானூறு போதும்” என்றார் கடைக்காரர். “விடுங்க நானா (அண்ணா)” என்றேன். வேறென்ன சொல்ல?

சாயங்காலம் பராக்கிரம சமுத்திரம் என்ற ஏரியின் கரையோரமாகத் தெற்கே போனேன். மழைநீர் ஒரு சொட்டுக்கூட மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்றவராம் பராக்கிரமபாகு. பழைய குளங்களை இணைத்து அவர் பெருக்கிய நீர்ப்பரப்புக்கு எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிகிறது. இதற்கு மட்டும் அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

இத்தனை சண்டை போட்டும் பட்டத்துக்கு மகன் இல்லை. 1186இல் அவர் இறந்ததும் வந்த சகோதரி மகன் இரண்டாம் விஜயபாகு ஒரு வருடத்தில் கொல்லப்பட்டார். பிறகு 1197இல் சிம்மாசனம் ஏறியவர் லீலாவதி! இறக்கினார்கள், ஏறினார், மறுபடி இறக்கினார்கள், 1211இல் மூன்றாம் முறையும் ஏறினார். நான் சுற்றிய வரை அவர் பெயரில் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை.

பொத்குல் விகாரைப் பக்கம் பாறையில் செதுக்கிய ஒரு தாடிக்காரர் நிற்கிறார். ராஜாதான் என்கிறார்கள் சிலர், முனிவர் என்கிறார்கள் வேறு சிலர். கையில் இருப்பது ஓலைச்சுவடியா நுகத்தடியா என்பதிலும் தகராறு. லேசான தொப்பை, தாழ்ந்த பார்வை. எனக்கென்னவோ கல்யாண வீட்டில் யாரோடும் பேசாமல் ஓரமாக நிற்கும் பெரியப்பா மாதிரி இருந்தார். இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்ததில் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கத் தாமதம். கடைக்காரர் இன்னொரு அரை நாள் வாடகை போட்டார்.