பெயர் அழிக்கப்பட்ட மூத்த மகன்

டார்க் சோல்ஸ் வீடியோ கேமில் யாரும் உட்கார வைத்துக் கதை சொல்வதில்லை. விளையாட்டில் கிடைக்கும் ஒரு மோதிரத்தின் குறிப்பில் இரண்டே வரி: தெய்வங்களின் தலைவன் க்வின் பிரபுவின் மூத்த மகன் போர்க்கடவுளாக இருந்தான், முட்டாள்தனத்தால் தெய்வப் பதவி போனது, இன்று அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. சூரிய பலிபீடத்தில் சிலை ஏன் உடைந்து கிடக்கிறது என்பது அதைப் படித்த பிறகுதான் உறைக்கும்.

இது 2011-ல். வழியில் நாம் சந்திக்கும் சூரிய பக்தனான வீரன் சோலேர்தான் அந்த மகன் என்று சத்தியம் செய்தவர்கள் ஏராளம். 2016-ல் மூன்றாம் பாகத்தில், மலையுச்சியில், புயல் டிராகன் மேலேறிப் பெயரற்ற ராஜா வருகிறான். டிராகன்களை வேட்டையாடிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் துறந்து அவற்றோடே சேர்ந்துகொண்ட போர்க்கடவுள். அவன்தான் மகன் என்று அங்கேயும் நேராகச் சொல்லவில்லை. கிரீடத்தின் குறிப்பைப் பாருங்கள்: சாம்பல் நிற முடிக்குள் புதைந்திருந்த அந்தப் பொற்கிரீடம், முதல் பிரபுவின், அதாவது க்வினின், கிரீடத்தை அச்சாக ஒத்திருந்ததாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

டிராகன்களைக் கொன்று சாம்ராஜ்யம் கட்டியவன் அப்பன். அவன் எதிரிகளோடு மகன் கைகோத்ததைத்தான் முட்டாள்தனம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. சூரிய வீரர்கள் என்ற குழுவினர் இன்னும் கும்பிடுவதும் அவனைத்தான். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாங்க, பேசுவோம்.