மஞ்சள் பையில் திரும்பி வந்த மாத்திரைகள்

ஒரு நாள் ஓ.பி. நேரம் முடிந்து மருந்து ஜன்னலைச் சாத்தப்போகும் வேளையில், எனக்கு நன்கு தெரிந்த தையல்காரர் ஒருவர் மஞ்சள் பையொன்றை உள்ளே நீட்டினார். ஐந்து மாதத்து இரத்த அழுத்த மாத்திரைகள் அதில் அட்டை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன. “இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார். கவர்மெண்ட் காசு, வேறு யாருக்காவது ஆகும்” என்றார். வெளியே போன மாத்திரையை மீண்டும் இருப்பில் சேர்க்க முடியாது. எந்த வெயிலில் கிடந்ததோ யாருக்குத் தெரியும்? அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்த ஐந்து மாதமும் மாதம் தவறாமல் வந்து, வரிசையில் நின்று, அந்த அட்டைகளை என் கையிலிருந்துதான் அவர் வாங்கிப் போயிருந்தார்.

காவிரிப் படுகையில் ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் இருபத்தெட்டு ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தேன். மருத்துவரோடு நோயாளி உடன்படாமல் போவது அந்தக் காலம் முழுவதும் நான் பார்த்த ஒன்று. ஆனால் மருத்துவரின் அறைக்குள் அது நடந்து பார்த்தது மிகக் குறைவு. அறைக்குள் எல்லாரும் “சரிங்க டாக்டர்” என்றுதான் சொல்கிறார்கள். மறுப்பு வீட்டு அலமாரியில் நடக்கிறது, மாட்டுத் தொழுவத்துக் குப்பையில் நடக்கிறது, சில நாள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்திலேயே நடக்கிறது. நீண்ட நாள் நோய்களுக்கு மருந்து எழுதப்பட்டவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழ பாதிப்பேர்தான் அதைச் சரியாகச் சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டின் அறிக்கையில் எழுதியது. அதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை.

தையல்காரருக்கு எழுதப்பட்டிருந்தது எனலாப்ரில். சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் வாரம் அவருக்கு வறட்டு இருமல் வந்தது. எங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு நாளும் ஓ.பி.யில் ஒவ்வொரு மருத்துவர் உட்காருவார். முதலில் இருந்தவர் இருமல் டானிக் எழுதினார். அடுத்தவர் கிருமிக்கொல்லியான அமாக்சிசிலின் எழுதினார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதியாகையால் மூன்றாமவர் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் அனுப்பினார். மூவர் செய்ததிலும் தனித்தனியே பார்த்தால் பிழை சொல்ல முடியாது. சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. ஆனால் முடிவு வருவதற்குள் வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள விடவில்லை என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவரே. மகள் வீட்டு விசேஷத்துக்குப் போனவர் மாத்திரையை மறந்துவிட்டுப் போய், இரண்டு வாரம் தங்கியிருக்கிறார். இருமல் அடங்கியிருக்கிறது. ஊர் திரும்பி மாத்திரையைத் தொட்டதும் இருமல் திரும்ப வந்திருக்கிறது. துணியை அளந்து வெட்டிப் பழகிய மனிதர். கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மறுமுறை மருத்துவரிடம் இதைச் சொல்லியுமிருக்கிறார். “பிரஷர் மாத்திரையில் எங்கேயாவது இருமல் வருமா? நிறுத்தினால் கை கால் விழுந்துவிடும், பார்த்துக்கொள்” என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வாதிடவில்லை. வாங்குவதை விடவில்லை, விழுங்குவதை விட்டுவிட்டார். கொடுத்ததை வேண்டாம் என்பது மரியாதையில்லை என்றும், வரவில்லையென்றால் நர்சம்மா தேடி வந்துவிடுவார் என்றும் அதற்கு இரண்டு காரணம் சொன்னார்.

எனலாப்ரில் வகை மருந்துகள் தடுக்கும் நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் உடலில் சிதைக்கிறது. நொதி தடைபட்டால் அந்தப் பொருள் மூச்சுக்குழலில் தேங்கித் தொண்டையை உறுத்திக்கொண்டே இருக்கும். இது டி.பார்ம். படிப்பிலேயே வரும் பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எனலாப்ரிலையும் இருமல் டானிக்கையும் ஒரே காலையில் ஒரே மனிதரின் கையில் வைத்த என் கைக்கு அந்தப் பாடம் ஏன் நினைவுக்கு வரவில்லை என்பதற்கு, கூட்டம் அதிகம் என்ற பதிலைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஆனால் எங்கள் ஜன்னலின் திறப்பு ஒரு சாண் உயரம். அதன் வழியே முகம் தெரியாது. சீட்டும் கையும்தான் தெரியும்.

அன்று அவரது சீட்டின் பின்புறத்தில் ‘எனலாப்ரில் – இருமல்?’ என்று மட்டும் எழுதி, ஓ.பி.யில் மீதமிருந்த இளம் மருத்துவரிடம் அவரைத் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மையார் அதைப் பார்த்துவிட்டு எனலாப்ரிலுக்குப் பதிலாக வேறு வகை அழுத்த மாத்திரையான அம்லோடிபின் எழுதிக்கொடுத்தார். கணுக்கால் வீங்கினால் பயந்து நிறுத்திவிடாமல் வந்து சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியும் அனுப்பினார். அந்த ஒரு வாக்கியம் மருந்துக்குச் சமம் என்று எனக்குத் தோன்றியது. இருமல் சில வாரங்களில் நின்றது.

மறுநாள் மூத்த மருத்துவர் என்னை அழைத்து, சீட்டில் இருப்பதைக் கொடுக்க வேண்டிய ஆள் சீட்டில் கேள்விக்குறி போடுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் பக்கமும் புரிகிறது. மாத்திரையை நிறுத்தியதால் பக்கவாதம் வந்து, வாய் கோணி, பேச்சிழந்து வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது வார்டில் பார்க்கிறவர் அவர். நிறுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் கண்முன் வருவது அந்தக் கட்டில்கள்தாம். ஒரே காலையில் நூறு பேருக்கு மேல் பார்க்கிறவரிடம், மகள் வீட்டு விசேஷத்தில் தொடங்கும் கதையைக் கேட்கும் பொறுமையை எதிர்பார்ப்பதும் கடினம். ஆனாலும் அந்தக் கதைக்குள்தான் நோயறிதல் இருந்தது.

சொல்லாமல் நிறுத்துகிறவர்களின் காரணங்களை ஒரு காலத்தில் அறியாமை என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை கண்ணால் கண்டவை. சர்க்கரை நோய்க்கான மெட்பார்மினில் மெதுவாகக் கரையும் வகை மாத்திரையின் வெற்று ஓடு, மருந்து இறங்கிய பின் சில சமயம் முழுசாக மலத்தில் வெளியேறும்; அதைப் பார்த்த ஒருவர், கரையாத மாத்திரையை அரசாங்கம் கொடுக்கிறது என்று முடிவுகட்டினார். காசநோய் மருந்தான ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் என்று நினைத்து ஒருவர் நிறுத்தினார். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்ததைக் கண்ட கர்ப்பிணிக்குக் குழந்தையும் கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் சொல்லிவிட்டார். இவை மூன்றுக்கும் மாத்திரை கொடுக்கும்போதே அரை நிமிடம் பேசியிருந்தால் போதும். ‘சூடு’ என்பது வேறு வகை; அந்தச் சொல்லுக்குள் வயிற்றெரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு என்று எதுவும் இருக்கலாம் என்பதால், சூடு என்றால் எங்கே என்று கேட்காமல் சிரித்துவிடுவது பெரிய தவறு.

மருத்துவருக்குத் தெரியாத மறுப்பு ஆபத்தாக மாறும் விதம் ஒன்றுண்டு. மாத்திரை சாப்பிடாதவருக்கு அழுத்தம் குறையாது. குறையாததைப் பார்த்த மருத்துவர் அளவைக் கூட்டுவார், இரண்டாவது மருந்தைச் சேர்ப்பார், பிறகு மூன்றாவதையும் சேர்ப்பார். காகிதத்தில் அவர் மூன்று மருந்துக்கும் மசியாத நோயாளி. இப்படி ஒருவர் குடலிறக்க அறுவைக்காக வார்டில் சேர்ந்தார். செவிலியர் தம் கடமையில் வழுவாமல் சீட்டில் இருந்த மூன்றையும் முதல் நாள் மாலையிலிருந்தே கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கும் வரை நின்றார். விடியற்காலையில் கழிப்பறைக்கு எழுந்தவர் அழுத்தம் இறங்கித் தடாலென விழுந்தார். நெற்றியில் நான்கு தையலோடு போயிற்று. வீட்டில் ஒன்றையும் சாப்பிட்டதில்லை என்ற உண்மை அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். வலிப்புக்காகச் சோடியம் வால்புரோயேட் சாப்பிட்டுவந்த ஒரு பெண்ணின் தாய், கூட்டம் குறையும்வரை காத்திருந்து, “கல்யாணத்துக்கு ஒரு மாசம் மட்டும் நிறுத்திக்கலாமா சார்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். “நிறுத்தினால் ஃபிட்ஸ் வரும்மா, டாக்டர் சொன்னபடி போடச் சொல்லுங்கள்” என்றேன். பாடநூல்படி சரியான பதில். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. திருமணம் முடிந்த ஒன்பதாம் நாள் அந்தப் பெண்ணை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள்.

வலிப்பை மறைத்துத் திருமணம் முடிப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தகுதிக்குறைவாக இந்துத் திருமணச் சட்டமே வைத்திருந்து, 1999இல்தான் அதை நீக்கியது. ஊர் வாயிலிருந்து அது நீங்கவில்லை. புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது என்பதே அந்தப் பெண்ணின் முதல் கவலையாக இருந்திருக்கிறது. இன்னொன்றையும் பின்னர் சொன்னாள்: இந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாராம். என்னைக் குறுகச் செய்தது அதுதான், ஏனென்றால் அந்த அக்கா சொன்னது உண்மை. வால்புரோயேட் கருவின் தண்டுவடத்தைப் பாதிக்கலாம், பிறந்த பின் குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கலாம். 2018இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, கருத்தடை ஏற்பாடு இல்லாத நிலையில் கருவுறக்கூடிய பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. திருமணத்துக்குச் சில மாதம் முன்பே அவள் மருத்துவரிடம் பேசியிருந்தால் வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றி, ஃபோலிக் அமிலமும் தொடங்கியிருப்பார். பதினாறு வயதில் எழுதப்பட்ட சீட்டு, மணப்பெண்ணாகும் வரை அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. அவளது மறுப்பில் நியாயம் இருந்தது. நிறுத்திய விதம்தான் உயிருக்கே உலையாகப் பார்த்தது. பிழைத்துக்கொண்டாள். அந்தத் தாய் மட்டும் அதற்குப் பிறகு மாத்திரை வாங்க என் ஜன்னலுக்கு வரவில்லை. வேறு யாரையாவது அனுப்புவார்.

இத்தனையும் பார்த்த நான், ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு எழுதப்பட்ட கொழுப்பு மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடாமல் இருந்தேன். அடார்வாஸ்டாடின், 20 மில்லிகிராம். எனக்குச் சர்க்கரை உண்டு, தகப்பனார் மாரடைப்பில் போனவர், எழுதியதில் குற்றமில்லை. தொடை தசைகளில் வலி தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். மருத்துவர் கேட்டபோது, “சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் டாக்டர்” என்றேன். ஜன்னலில் ஆயிரம் முறை கேட்ட அதே சொற்கள், அதே பணிவு. பரிசோதனையில் கொழுப்பு குறையாததைக் கண்டு அவர் அளவை 40 ஆக்கப் பேனாவை எடுத்தபோதுதான், நெற்றியில் நான்கு தையல் போட்டவர் நினைவுக்கு வந்து உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. தைராய்டு குறைந்தாலும் தசை வலிக்கும் என்று அதற்கும், தசைச் சிதைவைக் காட்டும் நொதிக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. பிறகு, இரண்டு மாதம் சாப்பிட்டும் இரண்டு மாதம் நிறுத்தியும், தினமும் இரவில் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று குறித்துவரச் சொன்னார். இதற்கு இணையான ஒரு சோதனையை இங்கிலாந்தில் செய்திருக்கிறார்கள் என்று பின்னர் படித்தேன். பக்கவிளைவால் இந்த வகை மாத்திரையை விட்ட 60 பேருக்குச் சில மாதம் உண்மை மாத்திரையும், சில மாதம் போலி மாத்திரையும், சில மாதம் வெறும் புட்டியும் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வெளியானது: உண்மை மாத்திரையில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு போலியிலும் வந்திருந்தது. வலி பொய் என்று அதற்குப் பொருளில்லை. வலித்தது மெய்; மாத்திரையின் மேல் போட்ட பழிதான் பெரும்பாலும் பொருந்தவில்லை. என் நோட்டில் இரண்டு வகை மாதத்திலும் வலி இருந்தது, சாப்பிட்ட மாதத்தில் சற்றுக் கூடுதலாக. அதை வைத்து இருவரும் பேரம் பேசுவதுபோல் பேசி 10 மில்லிகிராமில் நின்றோம். இன்றுவரை சாப்பிடுகிறேன்.

பணியின் கடைசி ஆண்டுகளில் நான் மாற்றியது ஒரே ஒரு கேள்வியை. “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் எவரும் ஆமாம் என்றுதான் சொல்வார், நானே சொன்னவன். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோன தன்னார்வலர் ஒருவர், மீதி அட்டைகள் சாமி மாடத்தில் அடுக்கியிருந்ததைப் பார்த்ததாக வந்து சொன்னார். அன்று முதல், “வீட்டில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது?” என்று கேட்கத் தொடங்கினேன். மீதி இருப்பது இயல்புதான் என்பதுபோல் கேட்டால், மக்களும் கணக்குச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் நாற்று நடும் பெண் ஒருவர் விரல் விட்டு எண்ணி, “பதினேழு கிடக்கு சார். அதுல தண்ணி மாத்திரை மட்டும் பதினொண்ணு. அதைப் போட்டா அடிக்கடி ஒதுங்கணும், நடவு வயல்ல நான் எங்க சார் ஒதுங்குவேன்?” என்றார். சிறுநீர் பிரிக்கும் அந்த மாத்திரையைக் காலையில் போடு என்று எழுதிய மருத்துவருக்கு அவருடைய வேலை என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சீட்டின் பின்புறத்தில் ‘நடவு வேலை, காலையில் போட முடியவில்லை – பதினொன்று மீதி’ என்று எழுதி, அவரை மறுபடி ஓ.பி. வரிசைக்கு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார், அரை மணி கழித்து, நடவுள்ள நாளில் வேலை முடிந்து வந்து பிற்பகலில் போடலாம் என்று திருத்திய சீட்டோடு திரும்பி வந்து, ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.