மூக்கில் ஏறிய கட்டைவிரல்

கிடியன் மாண்டெல், இங்கிலாந்தின் சசெக்ஸ் பக்கம் வைத்தியம் பார்த்துவந்த மருத்துவர். கல் பொறுக்குவதில் பைத்தியம். அவருக்குக் கிடைத்த, கல்லாகிப்போன பழங்காலப் பற்களைப் பார்த்த பிரெஞ்சு மேதை குவியே, காண்டாமிருகப் பல் என்று முதலில் சொல்லிவிட்டார். மாண்டெல் விடவில்லை. லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இகுவானா என்ற பெரிய பல்லியின் எலும்புக்கூட்டைக் கண்டதும் பிடி கிடைத்தது. அதே மாதிரிப் பல், விளிம்பில் அதே ரம்பப் பற்கள், அளவு மட்டும் பல மடங்கு! இன்று டைனோசர் என்று நாம் சொல்லும் அந்த விலங்குக்கு 1825இல் இகுவானோடான் என்று பெயர் வைத்தார்.

சரி, அப்புறம் கிடைத்த அந்தக் கூரான எலும்பை எங்கே வைப்பது? மூக்கில் வைத்துவிட்டார். முழு எலும்புக்கூட்டை யாருமே பார்க்காத காலம், குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பின்னால் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காகச் செய்த இகுவானோடான் சிலைக்கும் மூக்கில் கொம்புதான். அந்தச் சிலையின் அச்சுக்குள் மேசை போட்டு, 1853 டிசம்பர் 31 அன்று உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் முதலான பெரிய தலைகள் விருந்தே சாப்பிட்டார்கள். மாண்டெல் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார், பாவம்.

1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கீழே, முப்பதுக்கும் மேற்பட்ட இகுவானோடான்கள் அகப்பட்டன. பல எலும்புக்கூடுகள் ஏறக்குறைய முழுசாக. மூக்கில் கொம்பே இல்லை. ஒவ்வொரு கையிலும் கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கூர்முனை.