அயல்பொருளாக இருந்தால் மட்டும் போதாது

தடுப்பூசியில் அலுமினிய உப்பை ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அச்சத்தோடுதான் கேட்கிறார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தாமல் முழுமையாக விளக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அயல்பொருள் எதுவாயினும் உடல் உடனே எதிர்த்துக் கிளம்பும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உணவிலுள்ள புரதங்களும் அயல்பொருள்களே. ஆனால் உடல் அவற்றை அமைதியாக ஏற்றுக்கொள்கிறது. நன்கு தூய்மைப்படுத்திய புரதத்தைத் தனியே ஊசி வழியாகச் செலுத்தினாலும், பல நேரங்களில் எதிர்ப்பு மந்தமாகவே எழுகிறது. 1920-களில் பிரான்சில் கஸ்தோன் ரமோன், தொண்டை அடைப்பான் நோய்க்கான நச்சுமுறிவை, அதாவது கிருமியின் நச்சை முறிக்கும் எதிர்ப்பொருளை, ஊசி போட்ட குதிரைகளிடமிருந்து எடுத்துவந்தபோது, ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்கட்டிய குதிரைகளின் இரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதைக் கண்டார். பிறகு ரொட்டித் தூளையும் மரவள்ளி மாவையும்கூடக் கலந்து செலுத்திப் பார்த்தார். 1926-இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி, வீரியம் நீக்கிய நச்சை அலுமினிய உப்பான படிகாரத்தோடு சேர்த்துப் படியவைத்தால் எதிர்ப்பு வலுப்பதைக் காட்டினார்.

இதன் காரணம் வெகுகாலம் கழித்தே துலங்கியது. ஊசி இறங்கிய தசையில், உடலின் காவலர்களான டென்ட்ரிடிக் செல்கள் அந்தப் புரதத்தை விழுங்குகின்றன. அங்கே கிருமியின் அடையாளமோ திசு பாதிப்போ தென்பட்டால்தான் அவை விழித்தெழுந்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று, புரதத் துணுக்கை, எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி செல்களிடம் காட்டுவதோடு ‘இது ஆபத்து’ என்ற இரண்டாம் சமிக்ஞையையும் தருகின்றன. அந்தச் சமிக்ஞை இல்லாவிட்டால் டி செல் செயலற்றுப் போகலாம். அலுமினிய உப்பு அந்த விழிப்பைத் தூண்டுகிறது. தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ் என்பதால் அதற்கு இத்தகைய துணை தேவைப்படுவதில்லை. தோள் வலியும் இலேசான காய்ச்சலும் இந்த விழிப்பின் விளைவுகளே. ஆயினும் காய்ச்சல் வராததால் ஊசி பலிக்கவில்லை என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

பென்சிலின் போன்ற சிறு மூலக்கூறு தனித்து நின்றால் எதிர்ப்பைத் தூண்டாது; நம் உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகே சிலருக்கு ஒவ்வாமையாக மாறுகிறது. இதே இயல்பு குழந்தைகளைக் காக்கவும் பயன்படுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஹிப் எனப்படும் மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவின் சர்க்கரை உறையை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் சரிவர எதிர்ப்பதில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால், டி செல்களின் உதவி கிடைத்து, கைக்குழந்தையிடமும் நீடித்த எதிர்ப்பு உருவாகிறது.