கிடா சேர்க்கும் முன் அடர்தீவனம்: கொடி ஆட்டில் சோதனை செய்யும் முறை

கிடா சேர்ப்பதற்கு 3 வாரம் முன்பே பெட்டை ஆட்டுக்குத் தீவனம் கூட்டினால் இரட்டைக்குட்டி கூடுமா? கொடி என்னும் நாட்டு இனம் போன்ற மேய்ச்சல் ஆட்டில் இதற்கு நம்பகமான விடை வேண்டுமென்றால், தீவனம் தரும் குழு, தராத குழு என்று ஆடுகளைப் பிரிக்கும் நாளில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்ததும் சாணப் பரிசோதனை, குடற்புழு நீக்கம். இதைச் சேர்க்கைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்; இளஞ்சினையில் அல்பெண்டசோல் கொடுத்தால் கரு ஊனமாகலாம். அடுத்து உடல்நிலை மதிப்பெண். இடுப்பு முள்ளையும் நெஞ்செலும்பின் மேலுள்ள சதையையும் விரலால் அழுத்திப் பார்த்து 1 (மிக மெலிவு) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரை போடுகிறோம். கண்ணால் பார்த்துப் போட்டால் ரோமம் ஏமாற்றிவிடும். 2, 2.5 உள்ள ஆட்டில்தான் தீவனத்தின் பலன் தெரியும், 3.5 தாண்டிய ஆட்டில் எதுவும் நகராது. மெலிந்தவை ஒரு குழுவிலும் கொழுத்தவை மறு குழுவிலுமாகக் கூடிப்போனால் பிறகு எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது. மதிப்பெண்ணும் ஈற்றும் (இதுவரை எத்தனை முறை ஈன்றது என்பது) ஒத்த ஆடுகளை இணை இணையாக எடுத்து, சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதே நல்லது.

அடர்தீவனம் 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 37, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. பிண்ணாக்கில் பூஞ்சை வாடை இருந்தால் மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள். ஆடு ஒன்றுக்கு முதல் நாள் 50 கிராம், பிறகு மெல்ல ஏற்றி 8ஆம் நாள் 250 கிராம். எடுத்த எடுப்பில் முழு அளவு வைத்தால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு தீனி எடுக்காது. தனித்தனியாகக் கட்டித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் முரட்டு ஆடு பக்கத்து ஆட்டின் பங்கையும் தின்னும். மிச்சத்தைத் தினமும் எடைபோட்டு எழுத வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தீவனம் தின்னும் குழு பட்டியில் கட்டியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மற்ற குழு மேயப் போய்விடுகிறது. அப்போது ஒப்பிடுவது தீவனத்தை அல்ல, மேய்ச்சல் நேரத்தை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒன்றாக அவிழ்த்து, ஒரே காட்டில் மேய்க்க வேண்டும்.

கிடாவும் இரு குழுவுக்கும் ஒன்றே. விந்தணு உருவாக ஏறத்தாழ 7 வாரம் ஆகும் என்பதால் அதன் தீவனத்தை 2 மாதம் முன்பே கவனிக்கிறோம். நெஞ்சில் காவிப்பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்துப் பூசினால், எந்தப் பெட்டை மீது எப்போது ஏறியது என்பது முதுகில் தெரியும். பருவச் சுழற்சி 21 நாள். சினை தங்காமல் மறுபடி பருவத்துக்கு வந்த பெட்டை தனியாகத் தெரிய 18ஆம் நாள் வேறு நிறம் மாற்ற வேண்டும். பெட்டைகள் வெகுநாள் கிடா வாசனையே இல்லாமல் இருந்திருந்தால் முதல் பருவம் முடிந்து 5, 7 நாளிலேயே மறுபடி பருவத்துக்கு வரும். அதைச் சினை தங்காததாக எழுதிவிட வேண்டாம்.

சேர்க்கைக்குப் பிறகும் 3 வாரம் தீவனம் தொடர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் கரு தங்காமல் போகிறது, அதோடு இரட்டைக் கணக்கும் போகிறது. 45ஆம் நாள் ஸ்கேன்.

குட்டி எண்ணிக்கை துல்லியம் குறைந்த அளவுகோல். குழுவுக்கு 10 ஆடு என்றால், இரண்டு ஆடு கூடுதலாக இரட்டை ஈன்றாலே சராசரி 0.2 ஏறிவிடும், அது தற்செயலாகவும் நடக்கும். ஆடு குறைவாக இருந்தால் அடுத்த சேர்க்கைக் காலத்திலும் திரும்பச் செய்த பிறகே முடிவு எழுதுகிறோம். 150 நாள் கழித்து ஈனும்போது செத்துப் பிறந்த குட்டியையும் ஏட்டில் சேர்க்க வேண்டும்; அதுவும் அந்தத் தீவனத்தில் தங்கிய கருதான்.