வீட்டை விட்டுப் போகாமல் நடத்திய வழக்கு

அடி வாங்கிய பெண்ணுக்கு நம் ஊரில் இரண்டு வழிதான் சொல்வார்கள். அம்மா வீட்டுக்குப் போ, இல்லையென்றால் பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள். இரண்டிலும் அடித்தவருக்கு ஒரு சிரமமும் கிடையாது. இருந்த இடத்திலேயே இருப்பார். எனக்கு விவாகரத்து வேண்டாம், கணவரைச் சிறையில் பார்க்கும் ஆசையும் இல்லை. மகளின் பள்ளி தெருமுனையில். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். அந்த வீட்டிலேயே அடிபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்றே 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

முதலில் போனது மகளிர் காவல் நிலையத்துக்கு. அவரை வரவழைத்தார்கள், எதிரெதிரே உட்கார வைத்தார்கள், இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள், எனக்கும் அனுசரித்துப் போகும்படி அறிவுரை சொன்னார்கள். மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். எழுதிக் கொடுத்த கோபமும் சேர்ந்து என் மேல்தான் இறங்கியது.

மணிக்கட்டு வீங்கி அரசு மருத்துவமனைக்குப் போனபோது, படியில் விழுந்ததாகச் சொல் என்றார் கூட வந்த மாமியார். கணவர் அடித்தார் என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாளின் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. கட்டுப்போட்ட நர்ஸ்தான் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யச் சொன்னார். அங்கிருந்து பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், அங்கிருந்து கலெக்டர் அலுவலக வளாகத்தில் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் கைகாட்டி இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

பாதுகாப்பு அலுவலர் போலீஸ் இல்லை. அவருடைய வேலை நடந்ததையெல்லாம் ஒரு படிவத்தில் பதிந்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது. டி.ஐ.ஆர். என்பார்கள். அடி, பாலியல் துன்புறுத்தல், வசவும் அவமானமும், பணத்தை முடக்குவது என்று அதில் தனித்தனிப் பகுதிகள். அடிகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த என்னிடம், வருமானம் யார் கையில் இருக்கிறது அம்மா என்று கேட்டார். தையல் மெஷின் இருக்கும் அறையைக் கணவர் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதையும், என் சீட்டுப் பணத்தை எடுத்ததையும், கேட்காமலே என் நகையை அடகு வைத்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினார். சட்டம் அதையும் வன்முறை என்றே சொல்கிறது.

தேதிகள்தான் பெரிய தொல்லை. அடிபட்டவள் டைரியா எழுதிக்கொண்டிருப்பாள்? ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய அன்று என்று ஒவ்வொன்றாகப் பிடித்தோம். கட்டண ரசீதில் தேதி இருந்தது. அவர் பீரோவில் வைத்திருந்த நகைக்கடன் ரசீதுகளில் இருந்தது. செல்போனில் தங்கைக்கு அனுப்பிய குரல் பதிவுகளில் இருந்தது. அதே மேசையில் பாதுகாப்புத் திட்டம் என்று இன்னொரு படிவமும் எழுதினோம். அடுத்து என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்கும் படிவம் அது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விட்டன.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். எனக்கு வந்தவர் என்னைவிட இளையவர். என்னென்ன வேண்டும் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டு மனு தயாரித்தார்: அடிக்கவோ மிரட்டவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உரிமை, மாதச் செலவுக்குப் பணம், நகைகளைத் திருப்பித் தருவது. இடைக்கால உத்தரவுக்குத் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம்.

மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கோர்ட்டில் இருப்பது வாய்தா. டவாலி பெயர் கூப்பிடும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும், கூப்பிட்டதும் இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆனால் பாதுகாப்பு உத்தரவுக்கு அவ்வளவு காத்திருக்கவில்லை. டி.ஐ.ஆரையும் ஏ.ஆர். காப்பியையும் பார்த்து, மாஜிஸ்திரேட் அதை இடைக்காலமாகவே கொடுத்துவிட்டார். விசாரணையை எல்லோர் முன்னாலும் நடத்தாமல் தனியறையில் நடத்தக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார், கேட்டோம், கிடைத்தது. படுக்கையறைச் சங்கதிகளைத் தெருக்காரர்கள் காதுபடச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வீட்டு விஷயத்தில்தான் கடுமையாக மல்லுக்கு நின்றார்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, மகனுக்கே பாத்தியதை இல்லாதபோது மருமகளுக்கு ஏது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். என் வக்கீல் 2020-இல் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் சொன்னதை எடுத்து வைத்தார்: கணவனின் உறவினர் பெயரில் இருந்தாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே குடியிருக்கக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாமியாரையும் வெளியேற்றச் சொல்லலாமே என்று என் சித்தி கொதித்தார். ஒரு பெண்ணை வீட்டை விட்டு வெளியேற்ற இந்தச் சட்டத்தில் உத்தரவு போட முடியாது. அது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வயதில் அவர் எங்கே போவார்? கடைசியில், தனிப் படிக்கட்டு உள்ள மாடிப் பகுதி எனக்கும் மகளுக்கும், கணவர் அங்கே ஏறக் கூடாது, மெஷினும் என் சாமான்களும் மாடிக்கு வர வேண்டும் என்று உத்தரவானது.

உத்தரவின் நகல் கட்டணமில்லாமல் கிடைத்தது. காவல் நிலையத்துக்கும் ஒன்று போனது. ஒரு நாள் இரவு அவர் குடித்துவிட்டு மேலே வந்து கதவைத் தட்டியபோது போலீஸை அழைத்தேன். அதே நிலையம்தான், ஆனால் இந்த முறை அனுசரித்துப் போகச் சொல்லும் பேச்சே இல்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். அதை எஸ்.ஐ. அவரிடம் படித்துக் காட்டினார். புகாரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அதன் பிறகு அவர் மாடிப்படியில் கால் வைக்கவில்லை.

மாதச் செலவுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மட்டும் இழுத்தடித்தார். தராவிட்டால் சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்பும்படி அவர் வேலை செய்யும் இடத்துக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அப்படியொரு மனு போட்டு உத்தரவு வாங்கியதும் என் கணக்கில் மாதாமாதம் விழத் தொடங்கியது. கம்பெனியில் மானம் போய்விட்டதாக மாமியார் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. இப்போது மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்.

மூல மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த வாய்தாவில் நகை விஷயமாக என்னைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அடகுக் கடைக்காரரையும் சாட்சியாக அழைக்க வக்கீல் மனு கொடுத்திருக்கிறார்.