மேசையைத் தொட்டுவிட்டுத் துணி என்று சொன்ன கதை

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாலு விசைத்தறி. நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல், ஊடை நூலைச் சுமக்கும் நாடா இப்படியும் அப்படியும் பாயும். தரை, சுவர், டம்ளரில் இருக்கிற தண்ணீர் எல்லாம் சேர்ந்து அதிரும். அந்தச் சத்தத்தில்தான் பன்னிரண்டாவது வரை படித்தேன். இப்போது பெங்களூரில் நான் வேலை செய்யும் கருவிக்கோ, பக்கத்து அறைக் கதவை யாராவது படீரென்று சாத்தினாலே அன்றைய அளவு போச்சு. அதிர்வு தாங்கும் மேசைமேல் வைத்து, சுற்றிப் பெட்டி போட்டு மூடி, மகாராணி மாதிரி பார்த்துக்கொள்கிறோம்.

ஏ.எஃப்.எம். என்போம், அணுவிசை நுண்ணோக்கி. 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் கொண்டுவந்தது. பெயரை நம்பிக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம், இது தடவிப் பார்க்கிற சமாசாரம். தலைமுடியைவிட மெல்லிய ஒரு பட்டை, அதன் நுனியில் ஊசி. ஊசி எதையாவது தொட்டால் பட்டை வளையும். பட்டையின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து வளைவைக் கணக்கிடலாம். வளைவு தெரிந்தால் விசை தெரியும்.

நான் அழுத்துவது எண்டோதீலியல் செல்களை. ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒற்றை அடுக்காக ஒட்டியிருப்பவை. ரத்தம் உரசிக்கொண்டு ஓடுவது இவற்றின் மேல்தான். இவை எவ்வளவு இறுக்கம் என்பதுதான் என் கேள்வி.

இரண்டு மாதம் எடுத்த அளவுகளில் பாதி குப்பைக்குப் போனது. செல்லின் நடுவில், உட்கரு இருக்கும் இடத்தில், சில மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயரம். ஓரத்தில் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தேறாது. நான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அரை மைக்ரோமீட்டர் அழுத்தினேன். ஓரமெல்லாம் அபார இறுக்கம் என்று வந்தது. குஷியில் ஸ்லைடுகூடப் போட்டுவிட்டேன். இறுக்கத்தை பாஸ்கலில் அளப்போம். செல் சில கிலோபாஸ்கல்தான்; செல்லை வளர்த்திருக்கும் அடிக் கண்ணாடி சுமார் 70 கிகாபாஸ்கல், அதாவது ஒரு கோடி மடங்கு கணக்கு. ஊசிக்குத் தட்டுப்பட்டது கண்ணாடி. உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தாதே என்று படித்ததுதான், தேர்வுக்கு எழுதியதும்தான்.

லீவில் வந்து அப்பாவிடம் புலம்பினேன். தறியை நிறுத்திவிட்டு, நெய்த துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துக் காட்டினார். "துணிய இப்படிப் பார்க்கணும் கண்ணு. மேசைல போட்டு அமுக்குனா மேசைதான் கைக்குத் தெரியும்." எங்கள் கைடு இதையே அழுத்திய ஆழத்தையும் விசையையும் வைத்து இறுக்கத்தைக் கணக்கிடும் ஹெர்ட்ஸ் சமன்பாடெல்லாம் எழுதி அரை மணி நேரம் விளக்கியிருந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தடவை கூர் ஊசி வேண்டாம். பட்டை நுனியில் 5 மைக்ரோமீட்டர் உருண்டையை ஒட்டி, உட்கருவுக்கு மேலே மட்டும், மெதுவாக.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா மாங்காய் ஊறுகாயை எடுத்தார். அவருக்கு பிரஷர் உண்டு. விட்டேனா? ஜெர்மனியில் மூன்ஸ்டரில் இதே ஏ.எஃப்.எம்.மை வைத்துப் பார்த்து 2007-இல் எழுதினார்கள்: ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் இருக்கும்போது உப்பில் இருக்கும் சோடியம் கொஞ்சம் கூடினாலே எண்டோதீலியல் செல் இறுகுகிறது, குழாயைத் தளர்த்திவிடும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

முழுசாகக் கேட்டார். "அதுவும் கண்ணாடி மேல வளர்த்த செல்லுதானே கண்ணு?" என்றபடி இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார்.